முகத்துக்கு ஒன்றுமில்லை

வில்லரே, மொன்ட்ரியால்
12 மார்ச் 2006

அன்பின் அத்தானுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லி முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். கோபத்தில் வைத்தீர்களா, முகாமில் போனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்களா தெரியவில்லை. கோபம் என்றுதான் நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் மூடினாலும் அது அங்கேயே கிடக்கும். ஆறியபின் எடுத்து வாசிக்கலாம்.

செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டரின் செத்தவீட்டில் நடந்ததை முழுதாகச் சொல்ல விடவில்லையே, இப்போது கேளுங்கள். மலர்ச்சாலை மண்டபத்தில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சிசிலி அக்கா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கினா. "இது என்ர மனுசன் இல்லை. ஆரையோ கொண்டந்து வைச்சிருக்கினம்" என்று கத்தினா. எல்லோரும் அது துக்கத்தில் வரும் பேச்சு என்று நினைத்து அவவைப் பிடித்து இருத்தினார்கள். நான் போய்ப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. மாஸ்டரின் அந்தக் கறுத்த முகத்துக்கு வெள்ளைக்காரருக்குப் பூசுகிற மாவைப் பூசி, உதட்டுக்கு ரோஸ் நிறம் அடித்திருந்தார்கள். தலைமயிரை நடுவில் பிரித்து வாரியிருந்தார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததென்று தெரியாது. அங்கே பொறுப்பாக இருந்த மதாம் லெகோவிடம் போய், கார்டெரிக் காப்பகத்தில் பிள்ளைகளோடு பேசுகிற என் பிரெஞ்சில், "எல்லோரையும் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள், நான் திருத்துகிறேன்" என்றேன். அவ மறுக்கவில்லை. நிறங்களைக் கொண்டுவந்து வைத்தா. அதில் எங்கள் நிறம் இல்லை. இரண்டு மூன்றைக் கலந்தேன், போதாததற்கு என் கைப்பையில் இருந்த பவுடரையும் எடுத்தேன். தொட்டபோது குளிர்ந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.  அக்கா திரும்ப வந்து பார்த்தா. கதிரையை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தா.

போகும்போது மதாம் சொன்னா: "இந்த நகரத்தில் இப்போது எல்லா நாட்டு மனிதர்களும் சாகிறார்கள். எங்களுக்கு அவர்களுடைய நிறம் தெரியவில்லை. இதற்குக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. நீ ஏன் படிக்கக்கூடாது?"

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உண்மையில் அதற்கு முன்பும் முடியவில்லை. காரணம் மட்டும் தெரியாமல் இருந்தது. கார்டெரியில் பிள்ளைகளின் சப்பாத்தைக் கட்டுகிறேன், மூக்கைத் துடைக்கிறேன், வருடக்கணக்காக ஒரே பாட்டைப் பாடுகிறேன். வெறுப்பில்லை. ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வரும்போது என் கால் வாசலில் நிற்காமல் தாண்டிப் போகிறது. ஜாரி பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துதான் கதவைத் திறக்கிறேன். பனிக்குள்ளும் அப்படித்தான். மகள் றொஷினி "எங்கே போனீங்கள்" என்று கேட்டால் தெப்பனேர்க் கடையில் பால் வாங்கப் போனதாகச் சொல்கிறேன். வீட்டில் பால் நிறைய இருக்கிறது.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இறந்தவர்களைக் கழுவி, பதப்படுத்தி, உடுத்தி, முகம் செய்து கொடுக்கிற வேலையைப் படிக்க விரும்புகிறேன். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். நீங்களும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள்.

அன்புடன்
பிரியந்தி

*

ஃபோட் மக்மரி, அல்பேட்டா
4 ஏப்ரல் 2006

பிரியந்திக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை.

போனைக் கோபத்தில்தான் வைத்தேன்.

ஷபனேல் தெருவில் தைப்புத் தொழிற்சாலை மூடப்பட்ட அன்று நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்பது உமக்குத் தெரியும். கோட்டுத் துணியை அடுக்கடுக்காகப் போட்டு, ஒரு நூல் பிசகாமல் வெட்டியவன். இன்று எண்ணெய் மணல் தோண்டுகிறவர்களின் முகாமில், ஊரெல்லாம் தின்கிற உருளைக்கிழங்கை வெட்டுகிறேன். வேலை மாறுவது என்றால் எனக்கு இதுதான். அது வந்து தலையில் விழும். தேடிக்கொண்டு போகிற சாமான் அல்ல. உமக்கு நல்ல வேலை இருக்கிறது. சுத்தமான வேலை. சின்னப் பிள்ளைகள் உம்மைக் கண்டதும் ஓடிவருகிறார்கள். அதை விட்டுப் பிணம் கழுவப் போகிறேன் என்கிறீர்.

உமது கையால் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள்? பூசைக்குப் போனால் யார் பக்கத்தில் இருப்பார்கள்? றொஷினிக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேசினால், "தாய் என்ன செய்கிறா" என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல?

மாஸ்டருக்குச் செய்தது உதவி. அதோடு அது முடிந்தது. உதவியை உத்தியோகமாக்கக் கூடாது.

நான் இங்கே கிடப்பது நீங்கள் இருவரும் அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதை யோசியும்.

பற்றிக்

*

வில்லரே
27 ஆகஸ்ட் 2006

அன்பின் அத்தானுக்கு,

யோசித்தேன். மூன்று மாதம் யோசித்தேன். போன கிழமை கார்டெரியில் வேலையை விட்டுவிட்டேன். நாளைக்கு வகுப்புத் தொடங்குகிறது.

போனில் நீங்கள் "சரி, உம்மட விருப்பம்" என்று சொன்னதை நான் சம்மதம் என்று எடுக்கவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஆனாலும் போகிறேன்.

நீங்கள் எழுதியது பிழையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரிகோ மலைக்கு மாதா யாத்திரை போனோம். வழக்கம்போல மீன் ரோல் செய்து கொண்டுபோனேன். யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் என் தட்டைச் சுற்றிக் கைகள் போய்வந்தன. பிலாக்கொட்டைக் கறி முடிந்தது, ஆட்டிறைச்சி முடிந்தது, யாரோ கொண்டுவந்த கடை கேக்கும் முடிந்தது. என் ரோல் வைத்தபடியே இருந்தது. இன்னும் ஒரு பிணத்தையும் நான் தொடத் தொடங்கவில்லை, அத்தான்! மாஸ்டரை மட்டும்தான் தொட்டேன். சிசிலி அக்காவின் கையைப் பார்த்தேன். அவவாவது எடுப்பா என்று நினைத்தேன். அவ என்னைப் பார்த்துச் சிரித்தபடி சோறு போட்டுக்கொண்டு போனா.

வீட்டுக்கு வந்து றொஷினிதான் எல்லாவற்றையும் சாப்பிட்டாள். "அம்மா, எனக்கு அந்த வேலை பிடிக்கேல்லை. ஆனா ரோல் நல்லாயிருக்கு" என்றாள். அவள் உங்கள் மகள்தான்.

புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி, இரவும் பகலும் முகத்தசைகளின் பெயரைப் பாடமாக்குகிறேன். எல்லாம் லத்தீனும் பிரெஞ்சுமாக வாயில் உருள்கிறது. சிரிப்பதற்கு ஒரு தசை, சந்தேகப்படுவதற்கு ஒரு தசை. உங்களுக்கு அந்த இரண்டாவது நல்ல பலமாக இருக்க வேண்டும்.

பகிடிக்கு எழுதினேன். கோபிக்காமல் ஒரு வரியாவது எழுதுங்கள்.

பிரியந்தி

*

ஃபோட் மக்மரி
15 ஒக்டோபர் 2006

பிரியந்திக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னீர். எழுதுகிறேன்.

அறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அருமைராசா. குடும்பம் மொன்ட்ரியால்-நோரில், யாழ்ப்பாணத்து ஆள், சைவக்காரர். முகாமிலிருந்து ஆட்களை வேலைத்தளத்துக்கு ஏற்றி இறக்குகிற வான் ஓட்டுகிறார். பொழுதுபட்டால் மனைவி புஷ்பராணிக்கும் பெடியன்களுக்கும் போன் எடுத்து ஒரே கதை. பெடியன்கள் பிரெஞ்சில் கதைக்க, இவர் தமிழில் பதில் சொல்லுவார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் ஏன் வீட்டுக்குக் கதைக்கிறேல்லை?" என்பார். அவரின் ஆக்கினை தாங்காமல்தான் பேனையை எடுத்தேன்.

நீர் படிக்கிற படிப்பைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லவில்லை. அருமைராசாவுக்கு மட்டும் தெரியும். உமது கடிதத்தை வாசித்துவிட்டு நான் நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, துருவித் துருவிக் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "படிக்கட்டுமே அண்ணை. எங்களுக்கெல்லாம் ஆர் கேட்டவை என்ன படிக்க விருப்பமெண்டு?" என்றார். 

கிறிஸ்மசுக்கு வருவேன்.

பற்றிக்

*

வில்லரே
14 ஜனவரி 2007

அத்தானுக்கு,

நீங்கள் வந்து நின்ற நாட்கள் முழுவதும் வெளியே சாப்பிட்டீர்கள். பசி இல்லை என்றீர்கள், பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் கூட்டாளி எமிலியானுஸ் அண்ணை வீட்டுக்குப் போனீர்கள். கிறிஸ்மஸ் அன்று நான் சமைத்த இறைச்சியை முள்ளுக்கரண்டியால் தட்டின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குத் தள்ளிக்கொண்டு இருந்தீர்கள். றொஷினி உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழும்பிப் போய் அறைக்கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு நான் கத்தியதெல்லாம் சரியென்று சொல்லவில்லை. உங்கள் தாயைப் பற்றிச் சொன்னது கூடிப்போயிற்று. ஆனால் நீங்கள் சொன்னதும் கூடத்தான். "நீ உயிரோட இருக்கிறவங்களை விட்டிட்டுச் செத்தவங்களிட்டப் போயிட்டாய்" என்றீர்கள். கலியாணம் கட்டியதிலிருந்து என்னை நீங்கள் "நீ" என்று சொன்னதில்லை. அன்று சொன்னீர்கள்.

உங்களுக்குச் சந்தோசம் தருகிற ஒரு செய்தியைச் சொல்கிறேன். புதன்கிழமை முதன்முதலாகச் செய்முறை வகுப்பு. மேசையில் ஒரு கிழவர். ஆசிரியை துணியை விலக்கினா. வகுப்பில் உள்ள பெட்டைகள் எல்லாம் பதினெட்டு, இருபது வயதுக்காரிகள். மூக்கில் வளையம் போட்டவர்கள். அவர்கள் கிட்டப்போய் நின்றார்கள். நான் வெளியே ஓடிவந்து விறாந்தையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் எனக்குத் தெரிந்த மனிதர். இவரை யாருக்கும் தெரியாது. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போது நினைத்தேன்: கார்டெரிக்குத் திரும்பிப் போகலாம். இடம் இருக்கும். நான் சலிப்பைத்தான் விருப்பம் என்று பிழையாக விளங்கிக்கொண்டேனோ? ஒரு மனுசிக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் அவள் கடைக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள். நான் ஏன் இங்கே வந்து நிற்கிறேன்?

ஆசிரியை வந்து பக்கத்தில் நின்றா. பிறகு "அவருக்கு முகம் வழிக்க வேண்டும். செய்வாயா?" என்றா. உள்ளே போய் முகம் வழித்தேன். அவ்வளவுதான் செய்தேன். திங்கட்கிழமை திரும்பப் போவேனா என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியாது.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம்.

பிரியந்தி

*

ஃபோட் மக்மரி
21 நவம்பர் 2007

பிரியந்திக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர், நானும் எழுதவில்லை. கோடைக்கும் வரவில்லை. போனில் றொஷினியோடு மட்டும் கதைத்தேன். இப்போது எழுதவேண்டி வந்துவிட்டது. எமிலியானுஸ் பெப்ரவரியில் இங்கே வேலைக்கு வந்தவர் அல்லவா, அவர்தான் உடலோடு விமானத்தில் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அருமைராசா செத்துப்போனார் என்று றொஷினியிடம் சொன்னேன். எப்படியென்று சொல்லவில்லை. திங்கட்கிழமை விடிய, ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பி வரும்போது, பனி உறைந்த வளைவில் வழுக்கி, எதிரே வந்த பாரம் ஏற்றிய லொறிக்கு அடியில் போய்விட்டார். ஆளை அடையாளம் காட்ட என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முகத்தின் இடப்பக்கம்... அதை எழுத முடியவில்லை. கையில் இருந்த தழும்பை வைத்துத்தான் "ஓம், இவர்தான்" என்றேன்.

புஷ்பராணிக்கு நான்தான் போன் எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "முகத்துக்கு ஒண்டுமில்லை தங்கச்சி. நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன்.

இங்குள்ளவர்கள் பெட்டியை மூடியே அனுப்புகிறார்கள். திறக்க வேண்டாம் என்று ஒரு காகிதமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவ திறந்து பார்ப்பேன் என்றுதான் நிற்பா. நான்தானே சொன்னேன், ஒன்றுமில்லை என்று.

மதாம் லெகோவிடம் நீர் சனி ஞாயிறுகளில் வேலை பழகப் போகிறீர் என்று றொஷினி சொன்னாள். உடலை அங்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். இவ்வளவு காலமும் உமது வேலையைப் பற்றி நான் பேசியதையெல்லாம் வைத்துக்கொண்டு, இதைக் கேட்க எனக்கு முகமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை. கேட்கிறேன். அவருக்கு ஒரு முகத்தைக் கொடும்.

பையில் ஒரு படம் வைத்திருக்கிறேன். குசினியில் எடுத்தது.

பற்றிக்

*

வில்லரே
2 டிசம்பர் 2007

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். அருமைராசா அண்ணைக்காகக் கூட அழவில்லை, கோபம்தான் வந்தது. என் தட்டைத் தொடாத நீங்கள், உங்கள் பொய்யைக் காப்பாற்ற என் கையைக் கேட்கிறீர்கள். கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டு ஜாரி பூங்காவைச் சுற்றினேன். திரும்பி வந்தபோதும் கோபம் போகவில்லை. கோபத்தோடேயே கோட்டைக் கழற்றாமல் மெட்ரோவுக்குப் போனேன்.

நான் இன்னும் மாணவி. தனியாகச் செய்யச் சட்டம் விடாது. மதாம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மூடியபடி வைப்போம், அந்தப் பெண்ணிடம் நானே பேசுகிறேன்" என்றா. நான் படத்தைக் காட்டினேன். "இவருடைய நிறம் எனக்குத் தெரியும்" என்றேன். அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு ஏப்ரனைக் கட்டினா.

எலும்பை அவ சேர்த்தா, தையலை அவ போட்டா. மெழுகால் கன்னத்தை இருவரும் சேர்ந்து எழுப்பினோம். ஆஸ்பத்திரியில் மீசையின் பாதியை வழித்துவிட்டிருந்தார்கள். தலையின் பின்பக்கத்திலிருந்து மயிர் எடுத்து, ஒவ்வொன்றாக நட்டேன். நீங்கள் அனுப்பிய படத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரிக்காத அருமைராசா அண்ணை எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. போன கிறிஸ்மசுக்கு உங்களோடு ஒரே டாக்ஸியில் வந்து இறங்கி, என் கையில் ஒரு பை தோடம்பழத்தைத் தந்துவிட்டுப் போனாரே, அப்போது மட்டும்தான் அவரைக் கண்டேன். அன்றும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். புஷ்பராணியின் மூத்த பெடியனிடம் வேறு படம் வாங்கிவரச் சொன்னேன். பாஸ்போட்டுக்கு எடுத்த படம் வந்தது. அதைச் சுவரில் ஒட்டி வைத்துச் செய்தோம்.

வலப்பக்கம் அவரேதான். இடப்பக்கம் அவரைப்போல இருந்தது. அதற்குமேல் எங்களால் முடியவில்லை.

ஆட்கள் வருவதற்கு முன்னர் காலையில் புஷ்பராணியைத் தனியாகக் கூப்பிட்டேன். வந்து நின்று பார்த்தா. வலப்பக்கம் பார்த்தா, சுற்றி வந்து இடப்பக்கம் பார்த்தா. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. முகம் உடைஞ்சுதானே இருந்தது?"

நீங்கள் சொன்னதை நானும் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவவின் கண்ணைப் பார்த்தேன்.

"ஓம்" என்றேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றா. "நான் முகத்தைப் பற்றிக் கேக்கவேயில்லை. பற்றிக் அண்ணைதான் தானாச் சொன்னவர், முகத்துக்கு ஒண்டுமில்லை எண்டு. அப்பவே விளங்கிட்டுது."

பிறகுதான் அழுதா. நின்றபடியே, சத்தமில்லாமல். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினா.

"நீங்கள் பூசிவிடுங்கோ."

"நான் வேதக்காரி எல்லே, தங்கச்சி?"

"பரவாயில்லை. எந்த இடத்தில தொட்டா அவருக்கு நோகாதெண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

பொட்டலத்தைப் பிரித்தேன். நெற்றியில் பூசினேன். மூன்று குறியும் நேராக வந்தது. பெடியன்கள் உள்ளே வந்து "பப்பா" என்று அவர் நெற்றியைக் கொஞ்சினார்கள். பயப்படவில்லை. சின்னவன் மீசையைத் தொட்டுப் பார்த்தான்; அது விழவில்லை.

உங்கள் பொய்யை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கோபிப்பதென்றால் கோபியுங்கள். ஆனால் அவ பார்த்தா, அத்தான். மூடிய பெட்டிக்கு முன்னால் நின்று அவ அழவில்லை.

இனி நான் கார்டெரிக்குத் திரும்பிப் போவதைப் பற்றி யோசிக்க மாட்டேன். எமிலியானுஸ் அண்ணை திரும்பி வருகிறார், அவரிடம் மீன் கட்லட் கொடுத்துவிடுகிறேன். எறிந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

பிரியந்தி

*

ஃபோட் மக்மரி
30 டிசம்பர் 2007

பிரியந்திக்கு,

உமது கடிதத்தைக் குசினிக் களஞ்சிய அறையில், மா மூட்டைகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். அறையில் வைத்து வாசிக்க மனம் வரவில்லை. எதிர்க்கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. புதிதாக யாரையும் போடவில்லை.

புஷ்பராணி போன் எடுத்தா. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ அண்ணை. அந்த நேரத்தில ஆராலயும் வேற என்ன சொல்லேலும்?" என்றா. பிறகு நெடுநேரம் உம்மைப் பற்றித்தான் கதைத்தா. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஏசத் தொடங்கியும் வைக்கவில்லை.

நீர் செய்கிற வேலை சரி என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பிழை என்று இனி எழுத மாட்டேன்.

கட்லட் வந்தது. இரண்டு நாள் பெட்டியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எமிலியானுஸ் திறந்து, "நீ தின்னாட்டி நான் தின்னுறன்" என்று ஒன்றை எடுத்தார். அவர் கையிலிருந்து பறித்து நான் சாப்பிட்டேன். முதல் வாய் தொண்டையில் இறங்க நேரம் எடுத்தது. பிறகு இறங்கியது. மிச்சத்தையும் சாப்பிட்டேன். மிளகு கொஞ்சம் கூடிப்போயிற்று.

ஆஸ்பத்திரியில் நான் கண்ட முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அப்படி நிற்காது. அதை நினைத்தால் கொஞ்சம் மூச்சு வருகிறது.

ஈஸ்டருக்கு லீவு கேட்டிருக்கிறேன்.

பற்றிக்

*

ஃபோட் மக்மரி
22 மார்ச் 2009

பிரியந்திக்கு,

போன ஈஸ்டருக்கும் கிறிஸ்மசுக்கும் வந்து நின்றபோது கதைக்காத ஒன்றை எழுதுகிறேன். நேரில் என்றால் நான் கோடைக்காலத்தைப் பற்றியோ றொஷினியின் படிப்பைப் பற்றியோ கதைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

எண்ணெய் விலை விழுந்த பிறகு இங்கே முகாம்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்கள். எங்கள் குசினி மே மாதத்தில் முடிகிறது. எமிலியானுஸ் போன கிழமையே எட்மன்டனுக்குப் போய்விட்டார், அங்கே அவருக்கு மருமகன் இருக்கிறார். என்னையும் வரச் சொல்கிறார். வேறு ஒருவர் இன்னும் வடக்கே ஒரு சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்கிறார். எதற்கும் மனம் போகவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. துணி வெட்டத் தெரியும். ஷபனேலில் இப்போது வெட்டுவதற்குத் துணி இல்லை. கிழங்கு வெட்டத் தெரியும். அதற்கு மெசின் வந்துவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டலாம், பழக்குவார்கள் என்று ஒருவர் சொன்னார். அருமைராசாவுக்குப் பிறகு, வாகனத்தில் முன்சீற்றில் இருந்தாலே எனக்கு வேர்க்கிறது. பகலில் வேலை முடிந்ததும் முகாமைச் சுற்றி நடக்கிறேன். வேலியோடு போய், வேலியோடு வருகிறேன். எங்கே போகிறேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

இதை நான் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். நாற்பத்திரண்டு வயதில், புருசனும் ஊரும் எதிர்த்து நிற்க, நீர் எப்படித் துணிந்தீர்? முதல்நாள் காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது மனதில் என்ன இருந்தது? எனக்குச் சொல்லும்.

பதில் பிந்தினாலும் பரவாயில்லை. வேலை முடிந்ததும் பஸ்ஸில் வருகிறேன். பிளேனில் வர மனமில்லை. அவ்வளவு கெதியாக வந்து இறங்கினால், வந்து என்ன செய்யப்போகிறேன் என்பதை யோசிக்க நேரமிராது.

பற்றிக்

*

வில்லரே
29 மே 2009, காலை

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் பஸ் பத்து மணிக்கு வரும் என்று றொஷினி விசாரித்து வைத்திருக்கிறாள். அவள்தான் உங்களைக் கூட்டிவர வருகிறாள். நானும் வருவதாகத்தான் இருந்தது. விடியக் காலையில் மதாம் கூப்பிட்டா. மொன்ட்ரியால்-நோரில் ஒரு ஹெயிட்டிக்காரக் குடும்பம், ஒரு இளம் தாய். பிள்ளைகள் பின்னேரம் பார்க்க வருகிறார்கள். என்னால் மறுக்க முடியவில்லை. சரியாகச் சொன்னால், மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இதை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் வருகிற நாளில் வாசலில் நிற்கவில்லை என்று கோபிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதலில் செய்தி. கடைசிச் சோதனை பாஸ். திங்கட்கிழமையிலிருந்து மதாம் என்னை முழுநேரத்துக்கு எடுத்திருக்கிறா. இதைப் போனில் சொல்லாமல் வைத்திருந்தேன். உங்கள் வேலை போகிற நேரத்தில் என் வேலை வருகிற கதையைச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது.

இனி, நீங்கள் கேட்டது. பல தடவை பதில் எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். ஏதோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை, அத்தான். நான் துணியவில்லை. முதல்நாள் வகுப்புக்குப் போனபோது என் மனதில் இருந்தது பயம்தான். இன்று காலை போகும்போதும் அது கொஞ்சம் கூடவே வருகிறது. பயம் போகட்டும், பிறகு போவோம் என்று இருந்திருந்தால் இன்னும் பால் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு பூங்காவைச் சுற்றிக்கொண்டிருப்பேன். கதவைத் திறந்தேன், உள்ளே வேலை இருந்தது, செய்தேன். மற்றதெல்லாம் பிறகு வந்தது. சிலது வரவேயில்லை. சிசிலி அக்கா இன்றைக்கும் என் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதில்லை. அதோடும் இருக்கப் பழகிவிட்டேன்.

ஆனால் நீங்கள் என்னைப்போல ஒன்றைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குக் காலில் நெருப்பு. உங்களுக்குக் களைப்பு. இரண்டும் வேறு. சும்மா இருங்கள். கோடை முழுவதும் இருங்கள். பஸ் ஓட்ட வேண்டாம். வடக்கே சுரங்கத்துக்குப் போகவே வேண்டாம். வீட்டை நான் பார்ப்பேன். அதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தசையின் பெயரையும் சொல்வேன். போகட்டும். நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள், இனி நான் பார்க்கிறேன். பிறகு ஏதாவது ஒன்று உங்களுக்கு வரும். வராவிட்டாலும் நீங்கள் நீங்கள்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உத்தரவு கேட்பதாக நினைக்க வேண்டாம். வேலை விசயத்தில் இனி நான் உங்களிடம் உத்தரவு கேட்க மாட்டேன். இது வேறு. இனி எங்கேயும் போகாதீர்கள்.

ஐந்து மணிக்கு வேலை முடியும். கழுவி, உடுப்பு மாற்றி, மெட்ரோ எடுத்து வர ஆறு ஆகும். களைப்பில்லை என்றால் ஜாரி மெட்ரோ வாசலுக்கு வந்து நில்லுங்கள். உங்களுக்குச் சொல்லக் கிடக்கிறதெல்லாம் நடந்துகொண்டே சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போயிற்று.

பிரியந்தி